கைதட்டலில் நனைந்த மிளகாய்

நனைந்த மிளகாய் வற்றலின் வாசனை அறையெங்கும் நிற்கிறது. நேற்று மாடியில் காயப்போட்டிருந்தேன். மழை வந்தபோது படியிலேயே நின்றுவிட்டேன், அள்ளவில்லை. ஏன் என்று உனக்குத்தான் சொல்ல முடியும். நீ இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நாம் கல்லூரித் தோழிகளாக இருந்தபோது உன் அண்ணன் பினாங்கிலிருந்து ஒரு ரெக்கார்டை அனுப்பியிருந்தார். கிதாரோடு இங்கிலீஷில் பாடும் ஒருவன், அவன் பின்னால் கோட்டு போட்ட பெரிய வாத்தியக் கூட்டம். மேடையில் பாடும்போதே பதிவு செய்தது. “கூத்துக்காரன் ஒருத்தனுக்கு ஊரு மேளம் மொத்தமும் வந்து வாசிக்குது பாரு” என்று நீ அட்டையைக் காட்டினாய். நான் அவன் சட்டையைத்தான் பார்த்தேன். கசங்கிய சட்டை. அத்தனை கோட்டுகளுக்கு முன்னால் அதோடு நிற்க அவனுக்குக் கூச்சமே இல்லை. உங்கள் வீட்டு வாசலில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அவன்மேல் எனக்கு அன்றே பொறாமை வந்துவிட்டது.

முற்றத்தை ஒட்டிய அறையில் அதைச் சுழல விட்டாய். வார்த்தை ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழுந்தபோது கை சிலிர்த்தது. பாட்டு முடிந்தது. சடசடவென்று மழை. முற்றத்தில் உங்கள் வீட்டு மிளகாய் காய்கிறதே என்று ஓடி, தாவணியில் வாரிக் கட்டினேன்.

“ஏன்த்தா, வெயிலு இந்தக் காய் காயுது, வத்தலை அள்ளுற?” என்றார்கள் உன் அம்மா.

“மழை கொட்டுது ஆச்சி.”

அண்ணாந்து பார்த்தேன். வானம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்தாய். “அடி புள்ள, அது ரெக்கார்டுல கைதட்டுறாக!”

வேறு யாராவது சிரித்திருந்தால் மறுபடி அந்த வீட்டுப்பக்கம் போயிருக்க மாட்டேன். நீ சிரித்ததில் நானும் சிரித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு பாட்டு முடிவிலும், “மொளகா நனையுது, ஓடு புள்ள!” என்பாய். கல்லூரி விழாவில் கைதட்டல் எழுந்தால் இரண்டு வரிசை தாண்டி என்னைத் திரும்பிப் பார்ப்பாய். உன்னிடம் எல்லாம் இருந்தது. என்னிடம் அந்த ஒரு வார்த்தை இருந்தது.

பிறகு மெட்ராஸிலிருந்து வங்கி மேலாளர் மகள் நம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவள் பெயரை எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை. “பாட்டுக்கெல்லாம் அர்த்தம் சொல்றா, நீயும் வந்து கேளு புள்ள” என்றாய். வந்தேன். அவள் ஒவ்வொரு வரியையும் பிரித்துச் சொல்ல, நீ வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாய். வயலின் எழும் இடத்தில்கூட அவள் பேச்சை நிறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் தனியே வந்தேன். வாசலிலேயே கைதட்டல் கேட்டது. உடனே உள்ளே நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். என் மிளகாயை அவளுக்குக் கொடுத்துவிட்டாய். அப்படியே திரும்பிப் பேருந்து ஏறினேன்.

“நேத்து என்ன புள்ள வரலை?”

“தலைவலி.”

அந்தத் தலைவலி உன் கல்யாணம் வரை நீடித்தது. பந்தியில் சாப்பிட்டு, உன் முகத்தைத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்தேன். நீ மெட்ராஸுக்குப் போனாய். அங்கேதான் அவளும் இருந்தாள்.

போன மாதம் திருப்பத்தூரில் என் அலுவலகத்துக்கே அவள் வந்தாள். உன் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவள் அவள். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரி தகரத்துமேல நல்ல மழைங்க. கண்ணத் திறந்து ‘கைதட்டுறாக’ன்னா. அப்புறம், ‘அந்தப் புள்ளய மொளகாய அள்ளச் சொல்லு’ன்னு சிரிச்சா. எந்தப் புள்ள, என்ன மொளகா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் வந்தேன்.”

அப்படியானால் அவளுக்குத் தெரியாது. நீ கொடுக்கவே இல்லை.

“கைதட்டல் வந்தா ரெண்டு பேரும் சிரிப்பீங்களே, அது எதுக்கு?” என்று கேட்டேன்.

“அதுவா? எல்லாரும் நிறுத்தின அப்புறமும் ஒரு மனுஷன் மட்டும் தட்டிக்கிட்டே இருப்பார். நீங்க கவனிச்சதில்லையா?”

கவனித்ததில்லை. அத்தனை முறை கேட்டும் அந்த ஒற்றைக் கை என் காதில் விழவில்லை.

“சொல்லுங்க, என்ன மொளகா?”

“தெரியலைங்க” என்றேன். அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

நேற்று மழை கொட்டியபோது படியில் நின்று முழுவதையும் கேட்டேன். எல்லாரும் தட்டினார்கள். மிளகாய் நனைந்தது. நீ பின்னாலிருந்து ஓடு என்றாய், நான் ஓடவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றேன். மழை விட்டது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் மட்டும் சொட்டு ஒன்று விழுந்துகொண்டே இருந்தது, டப், டப் என்று, எல்லாரும் நிறுத்திய பிறகும்.

அந்த ஒற்றைக் கைதட்டல் அவளுடையது. அதற்கு நான் சிரிக்கவில்லை.