மேலிருந்து போட்ட மாத்திரை

திருவள்ளூர்
31-1-1968

சிரஞ்சீவி அரவிந்தவல்லிக்கு அம்மாவின் ஆசீர்வாதங்கள். இங்கே நாங்கள் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டாலே எங்களுக்குப் பாதி சுகம்.

தை அமாவாசைக் கூட்டம் நேற்றுதான் ஓய்ந்தது. நாலு நாளாகக் கோயில் மடப்பள்ளி அடுப்பை விட்டு நகராததில் உன் அப்பாவுக்கு முதுகுவலி. தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால், “நர்ஸ் நீயா, உன் பொண்ணா?” என்கிறார். நீ ஆஸ்பத்திரிப் படிப்புக்குப் போனதிலிருந்து அவர் ‘நர்ஸ்’ என்ற வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தீக்காய வார்டில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வேலையை விட்டு வந்துவிடுகிறேன் என்கிறாய். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புப் பட்டறையில் உலைக்குழம்பு தெறித்து வெந்துபோய் வந்த அப்பாவு என்கிறவர், நல்லபடியாக மிஞ்சின ஒரு கையை மாத்திரைக்காக நீட்டியிருக்கிறார். நீ ஒரு சாண் மேலிருந்து போட்டிருக்கிறாய். அது உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. “இன்னா சிஸ்டர், தொட்டா ஒட்டிக்கினு வந்துடுமா?” என்று கேட்டவர், அதற்கப்புறம் உன் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அருவருப்பில்லை, பதற்றத்தில் வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது என்று நீ சொன்னதை ஹெட் சிஸ்டரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். அந்தப் பழக்கத்தைப் பழக்கினவள் நான்தானே? தீபாவளிக்கு நீ வந்தபோது, ஆஸ்பத்திரித் தீட்டு என்று உன்னைக் கொல்லைப்பக்கமாகவே கிணற்றடிக்கு அனுப்பினேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து கையை நீட்டினாய். அப்போதும் அதிரசத்தை எட்ட நின்று மேலிருந்துதான் போட்டேன். நீ அதை ஏந்தித் தின்றாய். அப்பாவு கேட்ட கேள்வியைப் படித்த பிறகுதான், அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. வெட்கமாக இருக்கிறதடி.

அமாவாசையன்று கோயில் குளத்தில், உடம்பு குணமாக வேண்டுமென்று அப்பாவு பேரைச் சொல்லி வெல்லம் கரைத்தேன். பூக்கார குப்பம்மாள் பார்த்துவிட்டு, “யாருக்கு மாமி ஒடம்பு சரியில்ல?” என்றாள். எங்களுக்கு வேண்டியவர் என்றேன். பொய்யில்லை.

வேலையை விடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் மாத்திரையை அப்பாவுவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை நீயே மடக்கிவிடு. முதல் நாளே வாங்கிக்கொள்ளமாட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மறுநாளும் போய் நில். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா?

அடுத்த லீவுக்கு வாசல் வழியாகவே உள்ளே வா. கிணற்றடி வேண்டாம். உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், கத்தினால் கத்தட்டும். அதிரசம் சுட்டு வைத்திருப்பேன். உன் கையைப் பிடித்து, அதில் வைப்பேன். அப்பாவு மாதிரி நீயும் கையை இழுத்துக்கொள்ளாமல், அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்.

தீர்க்காயுசாக இரு.

உன்னைப் பெற்றவள்,
கமலவல்லி