லோடுக்குக் காத்திருந்த கப்பல்

சென்னை,
12.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் பேசினால் உங்கள் இடது காதுக்காக நான் கத்த வேண்டியிருக்கிறது. ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரிகள் சண்டைக்கு வருகிறார்கள். நீங்கள் லாரியில் வடக்கே போன காலத்தில் எழுதியதுபோல் நாம் கடிதமே எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் கப்பல் கம்பெனியில் மூன்று வருடமாக அடுத்தவர் எடுத்த முடிவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இன்று முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டு ஒரு கப்பல் நின்றிருக்கிறது.

கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே போய்வரும் சின்னக் கப்பல் அது. தூத்துக்குடியிலிருந்து கண்டெய்னர்களைக் கொண்டுபோய்க் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றும். அங்கிருந்து திரும்பும்போது பாதி காலியாக வரும். கப்பலுக்கு நாள் வாடகை, ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான். ஓடினால் எண்ணெய்ச் செலவு கூடும். கப்பல் கட்டணம் இப்போது தரையில் கிடக்கிறது. பாதி லோடோடு வந்தால் எண்ணெய்க்கே கட்டாது. நாளை காலை கொழும்புக்கு ஒரு பெரிய கப்பல் வருகிறது, அதில் தூத்துக்குடிக்கு முந்நூறு பெட்டி இருக்கிறது. "அதுவரைக்கும் நிறுத்தி வைக்கலாம் சார்" என்றேன். இந்தூரில் ரிட்டர்ன் லோடுக்காக நீங்கள் இரண்டு நாள் லாரியை நிறுத்திவைப்பீர்களே, அதே கணக்கு. எங்கள் மேனேஜர் மோகன்குமார் சார் நாற்காலியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லாரிக்காரர் பொண்ணுங்கறது சரியாத்தான் இருக்கு" என்றார்.

தாமதத்துக்குக் காரணம் என்று அறிவிப்பில் ஒரு வரி போட வேண்டும். "வெதர்னு போடும்மா, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்களாம்.

வெயில் அதிகம். மோர் குடியுங்கள்.

உங்கள் மகள்
அறிவுமதி


தூத்துக்குடி,
14.5.2025, புதன் காலை

அன்பு மகள் அறிவுமதிக்கு அப்பா எழுதுவது.

இங்கே துறைமுக வாசலுக்கு வெளியே லாரி வரிசையில் நிற்கிறேன். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு வந்தவன். எனக்கு முன்னால் நூற்றுக்கு மேல் வண்டி. டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், கோணல் மாணலாக இருக்கும்.

இந்த முறை குளிர்பெட்டி. நாமக்கல்லில் ஏற்றியது நாலரை லட்சம் முட்டை, வளைகுடாவுக்குப் போகிறது. பெட்டியைக் குளிராக வைக்க டிரெய்லரில் தனியாக டீசலில் ஒரு ஜென்செட் ஓட வேண்டும். உள்ளே குளிர்பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம். கப்பல் வந்து எடுத்தால்தான் அடுத்த பெட்டியை விடுவார்களாம்.

ஓனர் தண்டாயுதபாணி நேற்று போன் செய்தார். எனக்குக் காது கேட்காது என்று பக்கத்து வண்டி ஜீவா ஸ்பீக்கரில் போட்டான். அவனும் நம் ஓனர் வண்டிதான். "ரெண்டு மணி நேரம் ஓட்டு, நாலு மணி நேரம் ஆஃப் பண்ணு. நிக்கறதுக்கெல்லாம் எவனும் எனக்குக் குடுக்கறதில்ல" என்றார். மனசில்லாமல்தான் நிறுத்தினேன். பழைய பழக்கத்தில், திறந்த லாரியில் முட்டை கொண்டுபோகும்போது சாக்கு நனைப்போமே, அதுபோல நாலு கேன் தண்ணீர் வாங்கிப் பெட்டி மேலே ஏறி ஊற்றினேன். இரும்பு சுர்ரென்று இழுத்துக்கொண்டது. ஜீவா கீழே நின்று, "ஏனுங்கண்ணா, சீயக்காய் போட்டுத் தேச்சு உடுங்" என்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ கப்பல் கம்பெனியில்தானே இருக்கிறாய். கொழும்பிலிருந்து வரவேண்டிய கப்பல் ஏன் இன்னும் வரவில்லை என்று விசாரித்து எழுது. இங்கே கேட்டால் எவனும் வாயைத் திறப்பதில்லை.

அப்பா
கண்ணுசாமி


நாமக்கல்,
16.6.2025

அன்பு மகளுக்கு,

நான் கேட்டதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஊருக்கு வந்தபோது உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் வீட்டில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.

அன்று மதியம் ஒரு மணிக்கு வாசலைத் திறந்தார்கள். நாற்பது மணி நேரம். உள்ளே போனதும் பெட்டியில் நாலு டிகிரி காட்டியது. அப்பாடா என்று வந்துவிட்டேன். வளைகுடாவில் போய்த் திறந்தபோது முட்டையெல்லாம் வேர்த்துப் பூஞ்சணம் பிடித்திருந்ததாம். அவ்வளவையும் தள்ளிவிட்டார்கள். கரண்ட் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வந்தது என்று பெட்டியே எழுதி வைத்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஷெட்டில் எல்லா டிரைவரும் இருக்கும்போது ஓனர் கூப்பிட்டார்.

"கண்ணுசாமி, ஜென்செட் டீசலை எங்கய்யா வித்த?"

"நீங்கதானுங்க ஆஃப் பண்ணச் சொன்னீங்க."

"நா எப்பச் சொன்னேன்? எழுதிக் குடுத்தனா?"

"போன்ல சொன்னீங்க. ஜீவாவும் கேட்டானுங்க."

"உனக்குத்தான் காதே கேக்காதேய்யா. நா என்ன சொன்னன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஜீவா டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஜென்செட்டை நானாக நிறுத்தி டீசலை எடுத்துவிட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடாவிட்டால் போலீசாம். இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் வந்தார், படித்த பையன், மரியாதையாகப் பேசினார். "கப்பல் லேட்டானதுக்கும் வாசல் மூடியிருந்ததுக்கும் கப்பல் கம்பெனி ஒரு தாள் குடுத்தாப் போதுங்க. வண்டி தானா நிக்கல, நிறுத்தி வெச்சாங்கன்னு நான் எழுதலாம். பழி உங்க ஒருத்தர் மேல வராது" என்றார்.

முப்பத்திரண்டு வருடம் ஸ்டீயரிங் பிடித்தவன். அஸ்ஸாம் வரை போயிருக்கிறேன். திருடன் என்று ஒருவரும் சொன்னதில்லை. கப்பல் எதற்காக நின்றது என்று உள்ளது உள்ளபடி அந்தத் தாளை வாங்கி அனுப்பு சாமி. வேறு எதுவும் வேண்டாம்.

அப்பா


சென்னை,
21.6.2025

அப்பாவுக்கு,

உங்கள் மே மாதக் கடிதம் வந்த அன்றே, அது நான் நிறுத்திய கப்பல்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக எழுதாததற்கு அதுதான் காரணம்.

தாளைக் கேட்டேன். மோகன்குமார் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். வானிலையால் நின்றது என்றால் யாரும் பொறுப்பில்லை. லோடுக்காக நிறுத்தினோம் என்று எழுதினால், அந்த வரிசையில் நின்ற ஒவ்வொரு பெட்டிக்காரனும் வழக்குப் போடுவான். "அறிவிப்புல கையெழுத்து யாருதும்மா?" என்று கேட்டார். என்னுடையது.

யோசித்துப் பாருங்கள். கப்பல் நின்றால் கப்பல்காரனுக்கு வாடகை. பெட்டி நின்றால் பெட்டிக்காரனுக்கு வாடகை. துறைமுகத்தில் இடத்துக்கு வாடகை. நிற்பதற்கு ஒரு ரூபாய்கூட இல்லாத ஆள் டிரைவர் ஒருவர்தான். அதனால் எல்லாரும் தங்கள் காத்திருப்பை அவர் தலையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். தண்டாயுதபாணி மட்டும் அயோக்கியன் இல்லை. இந்த ஏற்பாடே அப்படித்தான்.

ஆனால் தாள் என்னால் வாங்க முடியாது. எழுதினால் வேலை போகும். பொய் அறிவிப்பு கொடுத்தவள் என்று வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிப் படிக்க வைத்த படிப்பு. ஒரு வக்கீலைப் பார்க்கிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அறிவுமதி


நாமக்கல்,
30.6.2025

அறிவுமதிக்கு,

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். வக்கீல் வேண்டாம்.

டீசலை எடுத்தேன் என்ற வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன். அடிக்கவில்லை. வண்டிச் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பண்ணையில் யாரோ சொல்லிவிட்டார்கள். தெருக்கோடி வள்ளியாத்தாள்தான் வாசலில் நின்று, "எத்தன லிட்டருங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இப்போது போர் போடும் ஒரு ரிக் வண்டிக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன்.

உன் கடிதத்தில் நியாயம் நிறைய எழுதியிருக்கிறாய். எல்லாம் சரிதான். நான் ஜென்செட்டை நிறுத்தியதும் நிஜம், அதிலிருந்து நான் தப்பிக்கப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தூரில் நான் லோடுக்காக நின்றால், நிற்பது நானும் என் வண்டியும்தான். எனக்குப் பின்னால் யாரையும் நிறுத்திவிட்டு நான் நின்றதில்லை.

அந்த இரண்டு நாளும் தூத்துக்குடியில் ஒரு துளி மழை இல்லை. காற்றும் இல்லை. கடல் தட்டுப்போல் கிடந்தது. நான் பெட்டி மேல் ஏறி நின்று பார்த்தேன்.

இனி கடிதம் எழுத வேண்டாம்.

கண்ணுசாமி


சென்னை,
7.7.2025

அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

சர்வேயருக்கு வியாழக்கிழமை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். நிறுத்தலாம் என்று நான் அனுப்பிய மெயில், சரி என்று வந்த பதில், வானிலை என்று நான் கையெழுத்திட்ட அறிவிப்பு, அந்த இரண்டு நாளின் உண்மையான வானிலைக் குறிப்பு. டிரிப் ஷீட்டில் நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலும் வைத்தேன். ஓனர் போனில் சொன்னது அதில் தேதியோடு இருக்கிறது. உங்களைக் கேட்காமல் வைத்தது தப்புத்தான்.

இன்று காலை அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். மோகன்குமார் சார் அறையை விட்டு வெளியே வரவில்லை. என் நாற்காலியில் உட்கார வேண்டிய பெண் ஏற்கெனவே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். "ஏசி ரொம்பக் குளிரும், சால்வை கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

சர்வேயர் பேசினார். மின்சாரம் நின்றதற்கான காரணத்தை மாற்றி எழுதுவாராம். ஆனால் டீசல் எடுத்தேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் ஓனரிடம் இருக்கிறது. அதை அவரால் ஒன்றும் செய்ய முடியாதாம். "பத்து நாள் முந்திக் குடுத்திருந்தா" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

போன கடிதத்தில், எல்லாரும் தங்கள் காத்திருப்பை உங்கள் தலையில் இறக்குகிறார்கள் என்று எழுதினேன். அந்த எல்லாரில் என்னைச் சேர்க்காமல் எழுதினேன். கப்பலை நிறுத்தியபோது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு மாதம் சும்மா இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். சேலத்தில் இறங்கி, ராசிபுரம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன். அழைத்துப்போக வர வேண்டாம். ஷெட்டுக்குப் போய், எல்லா டிரைவரும் இருக்கும்போது கப்பல் ஏன் நின்றது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

கதவு சாத்தியிருந்தால் தட்ட மாட்டேன். வெளியே நிற்கிறேன். நாற்பது மணி நேரம் வரைக்கும் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அறிவுமதி