யார் வீடும் அல்லாத ஓர் இடம் வேண்டி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர்
(பெண்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு, அரசு பொது மருத்துவமனை),
பி பிளாக், நான்காம் தளம்,
மூன்றாம் பிரதான சாலை, நகர விரிவாக்கப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
நகர விரிவாக்கத் திட்டப் பிரிவு,
மாநகராட்சித் தலைமை அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: மனை எண் 41 – சமுதாயக் கூடம் மற்றும் நூலகத்திற்கென ஒதுக்கப்பட்ட பொது இடம் – ஆறு அடுக்கு வாகன நிறுத்துமிடமாக மாற்ற உத்தேசம் – ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறிவிப்பை இரண்டு முறை நேரில் சென்று பார்த்தேன். முதல் முறை கண்ணாடியை மறந்து போனதால் வெறும் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை படித்தபோது, "கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் இவ்விடத்திற்கான தேவை எழவில்லை எனத் தெரியவருவதால்" என்றொரு வரி கண்ணில் பட்டது. என் ஆட்சேபம் முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியதே. தேவை எழுந்தது ஐயா. எழுந்தது, உட்கார இடமில்லாமல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இந்த மனு.

2. எனக்கு வயது அறுபத்தேழு. என் அக்காவுக்கு எழுபத்திரண்டு. மனை எண் 41-க்குக் கிழக்கே உள்ள பி பிளாக்கில் நான் என் மகன் குடும்பத்துடன் வசிக்கிறேன். மேற்கே உள்ள குடியிருப்பில், அதுவும் நான்காம் தளத்தில், அக்கா தன் மகன் குடும்பத்துடன் வசிக்கிறார். நடுவில் முந்நூறு அடி கூட இருக்காது. கடைசிக் காலத்தில் பக்கம் பக்கமாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசையில், இந்தப் பகுதி வெறும் செம்மண்ணாக இருந்தபோதே இருவரும் சேர்ந்து வந்து வீடு பதிவு செய்தோம். விற்பனைப் பிரிவில் இருந்தவர் வரைபடத்தை விரித்து, பச்சை வண்ணம் தீட்டிய கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இங்கதாம்மா லைப்ரரி, ஹால் எல்லாம் வருது. ரெண்டு பேரும் இறங்கி வந்து உக்காந்து பேசிக்கிட்டே இருக்கலாம்" என்றார். அந்தப் பச்சையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம். வரைபடத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். இன்று அந்த இடத்தில் முட்செடியும் உடைந்த குழாய்களும் ஒரு துருப்பிடித்த பெயர்ப் பலகையும் உள்ளன.

3. அக்காவைப் பார்க்க அவர் வீட்டுக்கே போகலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். போக முடியாது. என் மகனும் அக்காவின் மகனும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்வரை சேர்ந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள். இன்று அதே தெருவில் அதே பெயரில் இரண்டு டிரைவிங் ஸ்கூல்கள் இருக்கின்றன. ஒன்றின் பலகையில் "ஒரிஜினல்" என்றும் மற்றதில் "முதன்முதலில் தொடங்கியது" என்றும் எழுதியிருக்கும். வண்டி ஓட்டப் பழக வருகிறவர்கள் எந்த வாசலில் நுழைவது என்பதைத்தான் முதலில் பழக வேண்டியிருக்கிறது. இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கும்படி தங்கள் அலுவலகத்தை நான் கேட்கவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லையே. "பெரியம்மா மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. ஆனா அந்த வீட்டு வாசல்ல நீ கால் வச்சா அப்புறம் என்கிட்டப் பேசாதே" என்கிறான் என் மகன். அக்காவின் மகனும் வார்த்தை மாறாமல் அதையே அங்கே சொல்கிறானாம். நான் இரவுப் பணிக்குப் போன வருடங்களில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஊட்டி, பேசப் பழக்கியவர் அக்கா. அதனால் கோபித்துக்கொள்வதும் ஒரே மாதிரி வருகிறது.

4. தொலைபேசியில் பேசலாமே என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். அக்காவுக்கு இரண்டு காதுகளும் மிகவும் மந்தமாகிவிட்டன. காதுக் கருவி பொருத்தியிருக்கிறார். போனை அதன் அருகில் கொண்டுபோனால் அது விசிலடிக்கிறது. ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், என் உதடு அசைவதை வைத்தே முக்கால்வாசியைப் பிடித்துவிடுவார். மீதிக் கால்வாசியைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். வீடியோவில் பேசலாம் என்றால் அதற்கு அவர் மகனின் போன் வேண்டும். ஆகவே அக்காவுடன் பேச வேண்டுமென்றால் அவர் எதிரே நான் இருந்தாக வேண்டும். வேறு வழி எதுவும் இல்லை.

5. இருவரும் சந்திப்பதற்காக நாங்கள் முயன்று பார்த்த இடங்களைக் கீழே தருகிறேன். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத் தோட்டம் குடியிருப்போருக்கு மட்டுமானது. வெளியார் வந்தால் காவலாளி பதிவேட்டில் எழுதிவிட்டு மேலே இண்டர்காமில் கேட்பார், எடுப்பவர் என் மருமகள். அக்காவின் குடியிருப்பிலும் அதே ஏற்பாடுதான். பேருந்து நிழற்குடையில் சாய்ந்து நிற்க ஒரு கம்பி உண்டே தவிர உட்கார ஒன்றும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பெஞ்சை, பொருள் அடுக்க இடம் வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நல்ல நாற்காலிகள் இருந்தன. மூன்று நாட்கள் போனோம். மூன்றாம் நாள் அங்கிருந்த பெண், "என்ன டெஸ்ட்டும்மா?" என்று கேட்டதும், அக்கா கூச்சத்தில் சட்டென்று கையை நீட்டிவிட்டார். முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியராக இருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. அந்த அறிக்கையின் நகலும் இணைப்பில் உள்ளது.

6. கடைசியில் எங்களுக்கு இடம் கொடுத்தது வங்கி. உள்ளே நுழைந்ததும் டோக்கன் தரும் இயந்திரம் ஒன்று உண்டு. அதில் "லாக்கர் விசாரணை" என்ற பொத்தானை அழுத்தினால் வரும் எண்ணை எளிதில் கூப்பிட மாட்டார்கள் என்பதை அக்காதான் கண்டுபிடித்தார். லாக்கர் எதுவும் காலியில்லை. அதைப் பார்க்கும் அலுவலர் வேறொரு கிளையையும் சேர்த்துப் பார்ப்பவர். செவ்வாயும் வெள்ளியும், பதினொரு மணி முதல் பன்னிரண்டரை வரை, பதினான்கு மாதங்கள் நாங்கள் லாக்கருக்காகக் காத்திருந்தோம். தப்பித்தவறி எங்கள் எண் வந்துவிட்டால் புதிதாக ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டோம். வீட்டில் வங்கிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனோம், அது பொய்யுமில்லை. ஒரே ஒரு குறை, அங்கே நாற்காலிகள் வரிசையாகத் தரையோடு பொருத்தப்பட்டிருந்தன. அக்காவுக்கு என் முகம் தெரிவதற்காக முழு நேரமும் கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்ததில் எனக்குக் கழுத்துப் பிடிப்பு வந்தது. அந்தப் பிடிப்பு இப்போது இல்லை. இருந்தால் தேவலை என்று நினைக்கிறேன்.

7. அங்கே நாங்கள் மட்டும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். வாரம் தவறாமல் பாஸ்புக் பதிய வரும் ஒரு பெரியவர் இருந்தார். அதில் பதிவதற்கு ஒரு வரியும் இருக்காது. நாங்கள் அவருக்குப் "பாஸ்புக்" என்றே பெயர் வைத்திருந்தோம். யார் வீட்டு மருமகளோ, கைக்குழந்தையோடு ஒரு பெண் வருவார், மூலையில் உட்கார்ந்து தன் அம்மாவிடம் போனில் அழுதுவிட்டு முகம் துடைத்துக்கொண்டு போவார். அக்காவுக்குக் கேட்காது என்பதால் அவர் எப்போதும் அக்கா பக்கத்து நாற்காலியையே பிடிப்பார். "தேவை எழவில்லை" என்று எழுதியவர் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும்.

8. ஏழு மாதங்களுக்கு முன் அந்த வங்கியில் டோக்கன் இயந்திரத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் போனுக்கு மாற்றினார்கள். நாற்காலிகள் நான்காகக் குறைந்தன. உதவி மேலாளர் எங்களிடம் வந்து, "உங்கள எழுப்ப எனக்கு மனசே இல்ல மேடம். ஆனா மேல இருந்து யாராவது வந்து பாத்தா நான் என்ன சொல்லுவேன்?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்ல மனிதர். வங்கி வங்கியாக இருக்க வேண்டும் என்பதில் தவறேதும் இல்லை. அன்று வாசலில் வெயிலில் நின்று விடைபெற்ற பிறகு நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

9. இப்போது எங்களுக்கிடையே நடப்பது துண்டுச் சீட்டுப் போக்குவரத்து மட்டுமே. இரண்டு வீட்டிலும் பாத்திரம் துலக்கும் அம்மா அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். "நான் பாத்திரம் தேய்க்க வந்தவளா, தபால் குடுக்க வந்தவளா? ரெண்டு பேரும் சேந்து ஒரு சைக்கிளாவது வாங்கிக் குடுங்க" என்று அவர் சலித்துக்கொள்வதும் நியாயமே. ஆனால் சீட்டில் எழுதக்கூடியதாக எங்களிடம் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. முட்டி வலி, பேரப்பிள்ளைகளின் சேட்டை, எந்த மாத்திரையை எப்போது போடுவது, இவ்வளவுதான். இவற்றை அவர் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் தவறாகப் புரிந்துகொண்டு எதையோ பதில் சொல்ல வேண்டும். நான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அறுபத்தேழு வயதுப் பெண்ணைக் "குட்டி" என்று கூப்பிட உலகத்தில் மீதமிருப்பவர் அவர் ஒருவர்தான். எனக்கு என் அக்காவைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இது அரசு அலுவலகத்திற்கு எழுதும் மனுவில் வரத்தக்க வாக்கியம் அல்ல என்பது தெரியும். ஆயினும் இதைவிடச் சரியாக எழுத எனக்கு வரவில்லை.

10. பணியில் இருந்தபோது, பார்வையாளர் நேரம் முடிந்ததும் மணியடித்து எல்லோரையும் வெளியே அனுப்பியவள் நான். "இன்னும் ரெண்டே நிமிஷம் சிஸ்டர்" என்று கெஞ்சியவர்களிடம் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டியிருக்கிறேன். அந்த ரெண்டு நிமிடம் எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

11. இந்தத் திட்டத்தில் என் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகத்திலிருந்து கணக்கெடுப்புக்கு வந்த பெண், "வீட்ல எத்தனை வண்டிம்மா?" என்று கேட்டார். மூன்று என்றேன். அக்கா வீட்டில் நான்கு என்று எழுதியிருப்பார்கள்; அங்கே பயிற்சி வண்டியும் வாசலில்தான் நிற்கும். இப்படிச் சேர்த்த வண்டிகளுக்குத்தான் இப்போது ஆறு அடுக்குக் கட்டடம் வருகிறது. யாரைப் பார்க்க வேண்டும், எங்கே பார்ப்பீர்கள் என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை. இருந்திருந்தால் நான் நின்று பதில் சொல்லியிருப்பேன். வந்த பெண்ணுக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரம் இருந்திருக்காது.

12. இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அக்கா துணி உலர்த்த பால்கனிக்கு வருவார். நானும் வருவேன். மனை எண் 41-க்கு மேலாக ஒருவருக்கொருவர் கையை ஆட்டுவோம். அந்தத் தூரத்தில் அவர் முகம் எனக்குத் தெரியாது, கை மட்டும் தெரியும். சென்ற மாதத்திலிருந்து அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்துதான் எழும்புகிறது, தோள்பட்டையைக் காட்டச் சொல்லிச் சீட்டு அனுப்பினேன். தங்கள் அறிவிப்பின்படி கட்டடம் ஆறு அடுக்கு. நாங்கள் இருப்பது நான்காம் தளம். கட்டி முடித்தால் எனக்கு அந்தக் கையும் தெரியாமல் போய்விடும்.

13. ஆகவே தாங்கள் மனை எண் 41-ஐ வகைமாற்றம் செய்யும் உத்தேசத்தைக் கைவிட வேண்டும். நூலகமும் கூடமும் கட்ட ஆண்டுகள் ஆகும் என்பது எனக்கும் தெரியும். அதுவரை முட்செடிகளை வெட்டி, ஒரு கூரையும், ஒரு கழிப்பறையும், குடிநீரும், சில இருக்கைகளும் அமைத்துக் கொடுத்தால் போதும். இருக்கைகள் தரையிலிருந்து பதினெட்டு அங்குல உயரம் இருக்கட்டும், அதற்குக் கீழே போனால் முட்டி தேய்ந்தவர்களால் எழ முடியாது. ஊன்றி எழக் கைப்பிடியும் வேண்டும். முக்கியமாக, இருக்கைகளைப் பேருந்தில் இருப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகவோ, வரிசையாகவோ போட வேண்டாம். எதிரெதிரே போடுங்கள். அந்த இடத்துக்கு வர யாரையும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது, வந்தவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கவும் கூடாது. அது என் மகன் வீடாகவும் இருக்கக் கூடாது, அக்கா மகன் வீடாகவும் இருக்கக் கூடாது. ஊருக்கு அப்படி ஓர் இடம் இருந்தால் அந்த இரண்டு மகன்களும் கூட ஒரு நாள் அங்கே வந்து உட்காரலாம். அதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் இடமே இல்லாவிட்டால் எதிர்பார்க்கவும் முடியாதே.

14. நிறைவாக ஒரு வேண்டுகோள். ஆட்சேபம் தெரிவிப்போர் தங்கள் அலுவலகத்தில் நேரில் விசாரிக்கப்படுவார்கள் என்று அறிவிப்பில் உள்ளது. அக்காவும் இதே பொருளில் தனியாக ஒரு மனு அனுப்புகிறார். எங்கள் இருவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்திற்கு அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அரசு அழைப்பாணை என்றால் எங்கள் மகன்களால் ஒன்றும் சொல்ல முடியாது. விதிமுறை கேட்பதற்காகச் சென்ற வாரம் தங்கள் அலுவலகத்திற்கு வந்திருந்தேன். கூட்ட அறைக்கு வெளியே ஜன்னல் பக்கம் இரண்டு சோபாக்கள் எதிரெதிரே போட்டிருந்தன, வெளிச்சமும் நன்றாக இருந்தது. விசாரணை நாளன்று எங்களுக்குப் பிறகு வருபவர்களை எங்களுக்கு முன்னால் அழைத்துவிடுங்கள். எத்தனை பேரை வேண்டுமானாலும் அழையுங்கள். அதில் எங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

இடம்: நகர விரிவாக்கப் பகுதி
நாள்: மாதத்தின் இரண்டாம் செவ்வாய்

தங்கள் அழைப்பாணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர்,
பி பிளாக், நான்காம் தளம்.