பால்கனிக் கதவை மறைத்த மேசை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். இது நான் சொல்ல யாரோ எழுதியது இல்லை, என் கையாலேயே எழுதியது. எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்த எழுத்து. எனக்கு மூன்று நாள் ஆயிற்று, நீ மூன்று நிமிடத்தில் முடித்துவிடாதே, மெதுவாகப் படி.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்டுக்குள் நின்று ஊரையே ஏற்றி இறக்கியவனுக்கு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி வாய்த்திருக்கிறது. இந்த முட்டியோடு படி இறங்க முடியாது. எனக்கென்று இருந்த வெளி அந்தப் பால்கனி ஒன்றுதான், அதன் கதவையும் தம்பியின் இரண்டாவது மேசை அடைத்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு மேசையில் ஆபீஸ் லேப்டாப்புக்கு இரண்டு மானிட்டர், இன்னொன்றில் அவன் மாலையில் வீட்டு வரைபடம் போடும் சொந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு. லிஃப்டிலாவது கதவு திறக்கும் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போய், ரெண்டு மானிட்டரையே ரெண்டு கம்ப்யூட்டருக்கும் மாத்திக்கலாம்பா, அதுக்கு ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கு, ஒரு மேசையைத் தூக்கிடலாம் என்றான். பெட்டி வந்தது. அதற்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரே ரகத்தில் இரண்டு வயர் வர வேண்டுமாம். லேப்டாப்பில் வந்தது. இவனுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒன்றுதான் அந்த ரகம், மற்றது திருகாணி போட்டு முடுக்கும் நீலத் தலை. அதனால் இரண்டு வயரும் ஒரே ரகமாகச் சொருகுகிற, கம்ப்யூட்டருக்குள் மாட்டும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினான். அதன் ஓரத்தில் இருக்கும் இரும்புத் தகடு கம்ப்யூட்டர் பெட்டியைவிட உயரம், மூடி மூடவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். யாரு எதுக்குள்ள நுழைவாங்கன்னு பாத்து பாத்து ஏத்தினவரு நீங்க, நீங்களாவது சொல்லக்கூடாதாப்பா என்று என்னையே திட்டினான். திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொல்லி அட்டைப்பெட்டியை என் கட்டிலில் வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிட்டான்.

அந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது, பத்து மொழி அச்சடித்திருந்தது, ஒன்பதாவது நம்முடையது. காலையில் ஆரம்பித்து சாப்பாட்டு வேளை வரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஒல்லியான பெட்டியானால் நீளத் தகட்டைக் கழற்றிவிட்டு உடன் உள்ள குட்டைத் தகட்டைப் பொருத்தவும் என்று போட்டிருந்தது மகளே! குட்டைத் தகடு ஒரு சின்னக் கவரில் அடியிலேயே கிடந்தது. படித்தவன் காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. டேய், இதைப் படிடா என்று நீட்டினேன். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், அதற்காகவே இன்னும் பத்து மொழி கற்றுக்கொள்வேன். திருகாணி இரண்டு, அவ்வளவுதான், மூடி மூடிக்கொண்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மாலையில் ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு எழுந்து வருகிறவன் நடுவில் என் கட்டிலில் ஐந்து நிமிடம் உட்காருவான், ஏதாவது பேசுவான். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பொத்தானை அமுக்குகிறான், மானிட்டரில் ஆபீஸ் வேலை மறைந்து வரைபடம் வந்துவிடுகிறது. எழுந்திருப்பதே இல்லை. எனக்கு நாலு சுவர் என்றால் அவனுக்கு இரண்டு மானிட்டர். காலியான மேசையும் கதவை அடைத்தபடி அப்படியே கிடக்கிறது. ஞாயித்துக்கிழமை நகர்த்திடலாம்பா என்றான், இரண்டு ஞாயிறு போய்விட்டது. இந்தக் கடிதத்தை அந்த மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு நல்ல வசதியாகத்தான் இருக்கிறது, எதிரே கண்ணாடிக்கு அப்பால் காற்றில் துணி ஆடுகிறது, எனக்குக் காற்று வரவில்லை. மேசை போனால் மடியில் அட்டை வைத்து எழுதிக்கொள்வேன்.

நீங்கள் மூவரும் குறை இல்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மறந்துவிடாதே, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தம்பிக்குப் போன் போடு. பேசிக்கொண்டே எழுந்து வந்து மேசையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். முட்டிதான் போயிருக்கிறது, கை இரண்டும் நன்றாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தன் கையெழுத்தைத் தானே போடும்
உன் அப்பா