பத்துக்குப் பத்து

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

நேற்று லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். நானே கழற்றி, நானே பூட்டி, "இனி இது நிக்கவே நிக்காது சார்" என்று குடியிருப்புச் செயலாளரிடம் மார்தட்டிய லிஃப்ட். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. என் கம்பெனிக்கே போன் போட்டு, மெக்கானிக்கை அனுப்பச் சொன்னேன். "அந்த ஏரியா மெக்கானிக் நீங்கதானே சார்?" என்றாள் போன் எடுத்தவள்.

கூடவே ஒரு பெண்ணும் மாட்டிக்கொண்டாள். வீடு வீடாகப் போய், மனிதர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறவளாம். விடுவேனா? "என் மக வெளிநாட்டு ஆபீஸ்ல உக்காந்து இந்த மாதிரி எல்லா நாட்டுக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாக்கறவம்மா" என்று உன் பெருமையைப் பாடினேன். பொழுது போகவேண்டுமே, அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்கச் சொன்னேன். ஓர் ஏணி. அடிப்படி பூஜ்யம், உச்சிப்படி பத்து. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

"பத்து" என்றேன்.

அவள் மூடிக்கிடந்த கதவைப் பார்த்தாள். என் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்தாள். "பத்தா சார்?"

எழுதிக்கொள்ளவில்லை. நான் அவள் பட்டியலில் இல்லையாம். அடுத்த வாரம் நம் தெருவுக்கே வருகிறாளாம். ஒருவழியாகக் கதவு திறந்ததும், போகிற போக்கில் ஒன்று சொன்னாள்: நீ இருக்கிற நாடு உலகத்திலேயே நான்காவது இடம், நம்முடையது நூற்றுக்கும் கீழே. அதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அம்மா, "தண்ணி குடிங்க, சரியாப்போகும்" என்கிறாள்.

உன் கீழ்வீட்டுப் பெரியவர் எப்படி இருக்கிறார்? நீ விளையாட்டாகக் கேட்டதும் யோசிக்காமல் 'எட்டு' என்றாராமே, அந்த எட்டு. ஞாயிறு தவறாமல் உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாராம். அவருக்குச் சொந்தத்தில் பிள்ளைகள் கிடையாதா?

போனில் சொல்லியிருக்கலாம். போனை அம்மா என்னிடம் தரும்போது உனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

உன் நூற்றுச்சொச்ச நாட்டு
அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பா,

படித்துவிட்டு ஆபீசில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டாள். ஏணிக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காதுப்பா.

ஆனால் இது ஓட்டப்பந்தயம் இல்லை. முதலிடம் வந்தவர்களுக்குக் கோப்பை கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரை நம்ப முடிகிறதா, கஷ்டம் வந்தால் கூப்பிட ஆள் இருக்கிறதா, இவற்றையெல்லாம் கேட்டுத்தான் ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் ஏன் வித்தியாசம் என்று பார்க்கிறோம்.

எட்டு சௌக்கியம். அவருக்கு இரண்டு பிள்ளைகள், வருஷத்துக்கு ஒருமுறை வருவார்களாம். உங்களுக்கு ஒரு சேதி: நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன்! அவர்தான் கற்றுக்கொடுத்தார். இந்தக் கடிதத்தோடு படம் வைத்திருக்கிறேன். இப்போது ஆபீசுக்கே சைக்கிளில்தான் போகிறேன்.

இன்னொன்று. இங்கே நிரந்தரமாகத் தங்க எனக்கு அனுமதி கொடுக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்
உங்கள் மகள்


மார்ச் 3

மகளுக்கு,

படம் வந்தது. ஹெல்மெட் உனக்குப் பெரிதாக இருக்கிறது. அந்த எட்டுக்கு அளவு பார்த்து வாங்கத் தெரியவில்லை.

நம் வீட்டுப் பின்தெருவில் உனக்குச் சைக்கிள் பழக்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கோடை முழுக்கச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "விட்டுடாதீங்கப்பா" என்றாய், விடவில்லை. எனக்கு மூச்சுவாங்கல் வந்ததுதான் மிச்சம், உனக்குச் சைக்கிள் வரவில்லை. அவரிடம் எத்தனை நாளில் வந்தது? வேண்டாம், சொல்லாதே.

கணக்கெடுப்புப் பெண் வந்து போனாள். குலுக்கல் முறையில் வீடு எடுக்கிறார்களாம். தையல்காரர் வீடு விழுந்தது, மேல்மாடி வங்கி மேனேஜர் வீடு விழுந்தது, எதிர்வீட்டில் தினமும் சண்டை போடுகிற தம்பதி வீடும் விழுந்தது. நம் வீடு விழவில்லை. தலை வாரி, சட்டை மாற்றி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டாள். மகள் உலகத்தையே கேட்கிறாள், அப்பனைக் கேட்க ஆள் இல்லை.

போகட்டும். நம் தெரு இந்தத் தடவை நல்ல பெயர் எடுக்கும், பார்.

கையெழுத்து விஷயம் உன் இஷ்டம்.

அப்பா


மார்ச் 20

அப்பா,

கோபமாகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பெயரோ வீட்டு எண்ணோ வராது. ஆனால் உங்கள் ஊரிலிருந்து வந்ததில் ஒரு தெரு முழுக்கப் பத்துக்குப் பத்து. ஒரே ஒரு ஒன்பதுகூட இல்லை. எங்கள் நான்காவது இடத்து நாட்டிலும் அப்படி ஒரு தெரு கிடையாது. இப்படி வந்தால் எங்கள் ஆபீசில் ஒரே அர்த்தம்தான்: கணக்கெடுத்தவர் வீடுகளுக்குப் போகாமல் எங்கேயோ உட்கார்ந்து தானே நிரப்பியிருக்கிறார். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் தயாராகிவிட்டது.

நல்லவேளையாக அவள் குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவள். ஒருவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "பல்வலி உயிர் போகுது. ஆனா பத்துன்னே போடும்மா, குறைச்சா லிஃப்ட்காரர் மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவார்."

என் மேலதிகாரி அறைக்குப் போய், "அந்த லிஃப்ட்காரர் எங்கப்பா" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவள் வேலை தப்பித்தது. என் தலைதான் குனிந்தது. உங்கள் தெருவை நீக்கிவிட்டு மறுபடி எடுக்கப்போகிறார்கள்.

ஏன்ப்பா? நம் நாடு நாலு இடம் மேலே போனால் உங்களுக்கு என்ன வந்துவிடப்போகிறது?

என் கேள்விக்கும் பதில் வரவில்லை. 'உன் இஷ்டம்' என்பது பதில் இல்லை. இன்னும் கையெழுத்துப் போடாமல்தான் வைத்திருக்கிறேன்.

மகள்


ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

தப்புதான். எனக்காக நீ ஒருத்தர் முன்னால் தலைகுனிந்தாய் என்று படித்ததும் அந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. அவளே எடுத்துப் படித்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "பத்துன்னு சொல்லச் சொன்னீங்களே, நடுவுல ஒருத்தருக்காவது ஒன்பது குடுக்கக்கூடாதா?" என்றாள்.

ஏன் என்று கேட்டாய். நாடு ஜெயிக்க இல்லை. நீ எல்லா நாட்டையும் தராசில் வைக்கிறாய். ஒரு தட்டில் எட்டும் அவர் நாடும், இன்னொன்றில் நானும் இந்தத் தெருவும். என் தட்டு லேசாக இருந்தால் நீ திரும்பி வரமாட்டாய் என்று நினைத்தேன். அதனால் தெருவில் இருந்த எல்லோரையும் என் தட்டில் ஏற்றி உட்காரவைத்தேன். பாவம் தையல்காரர், பல்வலியோடு ஏறினார்.

கையெழுத்தைப் பற்றி நேற்று போனில் கேட்டாய். "போடும்மா" என்று சத்தமாகச் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். நீ அனுப்பிய சைக்கிள் படத்தைத் தினமும் குறை கண்டுபிடிக்கவே எடுத்துப் பார்ப்பேன். போன வாரம்தான் கண்ணில் பட்டது: எட்டு படத்தின் ஓரத்தில், சீட்டை விட்டுவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நீ ரொம்ப தூரத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு வருகிறாய். அந்தச் சிரிப்புக்கு என் கையால் மார்க் குறைக்க முடியவில்லை. மனிதரை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. என் வணக்கத்தைச் சொல்.

இன்று காலை அந்தப் பெண் மறுபடி வந்தாள். புதுக் குலுக்கலாம், இந்தத் தடவை நம் வீடு விழுந்தது. வீட்டிலும் யார் பதில் சொல்வது என்று ஒரு குலுக்கல், அதில் நான் விழுந்தேன். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், இந்தத் தடவையாவது உண்மைய சொல்லுங்க" என்றாள்.

"ஆறு" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். ஆறு உண்மைதான். ஐந்து வாழ்க்கைக்கு, ஒன்று உன் அம்மாவுக்கு. அம்மாவிடம் இந்தப் பங்கீட்டைச் சொல்லிவிடாதே.

அதோடு முடிந்தது என்று எழப்போனேன். இன்னொரு கேள்வி இருக்கிறதாம். "அஞ்சு வருஷம் கழிச்சு எந்தப் படியில இருப்பீங்கன்னு நினைக்கறீங்க சார்?"

"தெரியாதுன்னு போட்டுக்கோம்மா" என்றேன். போட்டுக்கொண்டாள்.

அவளைத் திருப்பி ஒன்று கேட்க நாக்குநுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "அஞ்சு வருஷம் கழிச்சுன்னா, என் மக லீவுக்கு வந்திருக்கிற நாளையா கேக்கறே, வராத நாளையா?"

அப்பா