முட்டுவீட்டுக் குழாய்

1982 மார்ச் 9

விடியும் முன்னே மட்டாஞ்சேரிக் குழாயில் தண்ணீர் வந்தது. சண்டை போட்டு இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்தால், வாசலில் தம்பி பாலையா. மலையிலிருந்து பூண்டு லாரியோடு இறங்கியிருக்கிறான். நான் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகப் படியேறுகிறேன். அவன் துரை மாதிரி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “சாயா இருக்காக்கா?” என்கிறான். பின்னால் வந்த பக்கத்து வீட்டு ஆயிஷும்மா சும்மா இருப்பாளா? “எந்தா மாயம்மே, தம்பிக்குக் கையில்லே?”

கை இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு எங்கள் மலையூர் மேல்கோம்பைக்கு அவன்தான் பெரியதனம். ஊர் வழக்கெல்லாம் அவன் சொன்னபடி. பெரியதனக்காரன் குடம் தூக்கினால் மலை சரிந்துவிடாதா?

கூட வந்த மூன்று பேரும் பூண்டுக் கிடங்கில் படுத்து, ஓட்டலில் சாப்பிடுகிறார்கள். இவன் மட்டும் ஓட்டலில் கை நனைக்க மாட்டான். எவள் எந்த நாளில் சமைத்தாளோ என்று பயம். அக்கா கைச் சோறுதான் சுத்தமாம்.

மார்ச் 10

இதை எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஏழு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊர் ஊற்றுக்கு மேலே இருந்த வயல் தட்டுகளில் எல்லாம் தைலமரம் நட்டார்கள். “எளவட்டப் பயலுக பூராம் எஸ்டேட் வேலைக்கும் படிப்புக்கும் போயிட்டானுக. பூண்டு பறிக்க யாரிருக்கா? மரம்னா நட்டுட்டுச் சும்மா இருக்கலாம்” என்று பாலையா அப்போது சொன்னான். ஆள் இல்லாதது நிஜம்தான். அதற்காக ஊற்றின் தலையிலா நடுவது? அன்றைக்கே கேட்டேன். கல்யாணமாகி இறங்கிப் போனவளுக்கு மலையில் என்ன பேச்சு என்றான்.

மரங்கள் உறிஞ்சி உறிஞ்சி ஊற்று போன வருஷம் செத்துவிட்டது. இன்னும் மேலே ஏறி, வேறு ஊற்றில் தொட்டி கட்டி, கோயில் முன்னால் குழாய் வைத்திருக்கிறார்கள். “குழாய் போட்டாச்சுக்கா. இனிமே பொம்பளைகளுக்கு என்ன கஷ்டம்?” என்று பெருமை வேறு.

காளியம்மை எப்படி இருக்கிறாள் என்றேன். அவன் பெண்டாட்டி, எனக்குப் பிடித்தவள்.

“கையில மாவுக்கட்டு. ஓடைக்கு இறங்கையில வழுக்கிட்டா.”

குழாய் இருக்கும்போது அவளுக்கு ஓடையில் என்ன வேலை?

“முட்டுவீட்டுல இருந்தாக்கா. தூரமானவ கோயில் குழாயைத் தொடலாமா?”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான்! ஊருக்குக் கீழே பள்ளத்தில் ஒற்றை அறை, மாதம் ஐந்து நாள் பெண்கள் போய்க் கிடக்க வேண்டிய இடம். நானும் கல்யாணம்வரை கிடந்தவள்தான். அந்தக் காலத்தில் ஊற்றுத் தண்ணீர் அதன் வாசலை உரசிக்கொண்டு ஓடும். அதை மரத்துக்குக் குடிக்கக் கொடுத்தவர்கள் ஆண்கள். அதற்காக ஓடையில் விழுந்து கை உடைவது இவளுக்கா? என்ன நியாயம்டா இது?

மார்ச் 11

என் வீட்டுக்காரர் ராமரிடம் சொன்னேன். “உன் தம்பி, உன் ஊரு. நாலு நாள்ல போயிடுவான், விடு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆண்கள் எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

மார்ச் 12

இன்று பொறுமையாகக் கேட்டுப் பார்த்தேன். ஒன்று அந்த வீட்டைப் பூட்டு. இல்லையென்றால் குழாயைத் தொட விடு.

“ஊர் ஒத்துக்காதுக்கா.”

“ஊர்னா யாரு?”

“நாங்கதான்” என்றான்.

மார்ச் 13

சொல்லிவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறது.

மத்தியானம் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “உன் கைச்சோறு தின்னாத்தான் மனசுக்குச் சுத்தமா இருக்கு” என்றான். அவ்வளவுதான்.

“நீ வந்த அன்னிக்கு எனக்கு மூணாம் நாள்டா. இந்தச் சோத்தப் பொங்கின இதே கையாலதான் அன்னிக்கும் பொங்கினேன். இந்த ஒத்த ரூம்ல நான் எங்க போய் உக்காருவேன்? மட்டாஞ்சேரியில எனக்கு முட்டுவீடு கட்டி வச்சிருக்கியா? இத்தனை வருஷமா வந்து தின்னுட்டுப் போறியே, ஒருநாளாவது கேட்டியா? சாமி உன் கண்ணைக் குத்துச்சா? நல்லாத்தானே தொந்தி போட்டிருக்கே?”

பிசைந்த சோற்றை வாயில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“கிடங்குக்குப் போய் அந்த மூணு பேர் முன்னால சொல்லட்டுமா?”

தீட்டுச்சோறு தின்றவனைப் பெரியதனமாக ஊர் வைத்திருக்காது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “உனக்கு என்னதான்க்கா வேணும்?” என்றான்.

“அவளுக கைக்கெட்டுற எடத்துல தண்ணி. இந்த வருஷமே.”

மார்ச் 14

காலையில் சொல்லாமல் போய்விட்டான். போகட்டும்.

ஏப்ரல் 21

லாரிக்காரர் சேதி சொன்னார். கோயில் குழாயிலிருந்து பிரித்து, கீழே முட்டுவீட்டு வாசல்வரை தனிக்குழாய் இழுத்திருக்கிறார்கள். பாலையாவே நின்று பள்ளம் தோண்ட வைத்தானாம்.

ராமருக்கு மகிழ்ச்சி. “கேட்டது கிடைச்சாச்சில்ல?”

என்ன கிடைத்தது? இருக்கிற குழாயைப் பெண்கள் தொட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாகச் சரிவு நெடுகப் பள்ளம் தோண்டத் தயாராக இருக்கிறார்கள். வீடு அப்படியே இருக்கிறது, தீட்டு அப்படியே இருக்கிறது, தண்ணீர் மட்டும் வருகிறது. மரத்தில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. வெட்கங்கெட்டவர்கள்.

காளியம்மைக்கு ஓடை இறங்க வேண்டாம். அது மட்டும் நல்லது.

செப்டம்பர் 5

பாலையா பஜாருக்கு வந்திருக்கிறானாம். வீட்டுக்கு வரவில்லை. ஓட்டலில் சாப்பிடுகிறானாம்!

செப்டம்பர் 8

போய்விட்டான். எனக்கென்ன?

நான் வேலைக்குப் போகும் கிடங்கில் சுக்கு பொறுக்கும்போது கண் எரிந்தது. சுக்குத் தூசிதான்.

1983 மே 11

மழை எங்கேயும் இல்லை. மட்டாஞ்சேரிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

நேற்றுச் சாயங்காலம் பாலையா வந்தான். பின்னால் காளியம்மை! மலையை விட்டு இறங்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. நாலே மூட்டை பூண்டு, ஒவ்வொரு பல்லும் மொச்சை அளவுதான். அவன் கிடங்குக்குப் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“தொட்டியில கால்வாசிகூட நெறையல மதினி. கோயில் குழாயைத் திறந்தா வெறுங்காத்து. முட்டுவீடுதான் பள்ளத்துல இருக்கே, வர்ற தண்ணியெல்லாம் அங்க எறங்கிருது. ரெண்டு மாசமா ஊருக்கே அந்த ஒரு குழாய்தான். ஆம்பளைகளும் குடத்தைத் தூக்கிட்டு வந்து நிக்கிறாக.”

“பெரியதனம்?”

“மொத நாள் முட்டுவீட்டுக்குள்ள நான்தான் இருந்தேன். எட்ட நின்னுக்கிட்டு, ‘குடத்த வச்சிட்டுப் போறேன், நெரப்பி வையி’ன்னாரு. நான் தொட்ட தண்ணி மட்டும் ஆகுமாம்! அதெல்லாம் முடியாது, கிட்ட வந்து வரிசையில நின்னு புடிச்சிட்டுப் போங்கன்னுட்டேன்.”

“நின்னானா?”

“நிக்காம? ஆறாவது ஆளா நின்னாரு.”

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் ஆத்திரமும் வந்தது. தொண்டை காய்ந்தால்தான் இவர்களுக்குத் தீட்டு மறக்குமா? அந்தத் தைலமரங்கள் இன்னும் நிற்கின்றனவாம். ஊற்றுக்கு மேலே உள்ளதையாவது வெட்ட வேண்டும் என்று காளியம்மையும் மற்றப் பெண்களும் கேட்டிருக்கிறார்கள். அதுவும் அந்தக் குழாயடியில், ஆண்கள் குடத்தோடு நிற்கும்போது கேட்டார்களாம். மழை வரட்டும், பார்க்கலாம் என்று பதில். பார்க்கலாமா? விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மே 12

விடிந்து எழுந்தால் குடங்களைக் காணோம். பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். குழாயடியில், ஆயிஷும்மாவுக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலையா நிற்கிறான். அவள் ஏதோ கேலி பேசுகிறாள், இவன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

குடத்தை இறக்கி வைத்ததும் நேராகவே சொன்னேன். “இன்னிக்கு எனக்கு ரெண்டாம் நாள்.”

காளியம்மை என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாயாவுக்குச் சீனி கொறச்சுப் போடுக்கா” என்றான்.