ஆறு கால் ஸ்பைடர்

3 பிப்ரவரி 2025, திங்கள்

விழுப்புரத்தில் ஏறியதிலிருந்து திண்டிவனம் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். கால் வலி.

யு.கே.ஜி.யில் இது ‘ஸ்பைடர் வாரம்’. ஜன்னல் மூலையில் நிஜமாகவே ஒன்று வலை கட்டியிருந்தது. ஆயா துடைப்பத்தோடு வந்தார், தடுத்துவிட்டேன். இருபத்து மூன்று பிள்ளைகளும் வரிசையாக வந்து பார்த்தார்கள். தென்னரசு தொடமாட்டேன் என்று ஒரே அழுகை. யாரப்பா உன்னைத் தொடச் சொன்னது?

பிறகு கைச்சிலந்தி. கட்டைவிரல் இரண்டையும் கோத்துக்கொண்டால் மீதி எட்டு விரலும் கால்கள். பெஞ்சு மேல் நடக்கவிட்டோம். இசைவாணி மட்டும் கோத்த கையைப் பிரிக்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, “மிஸ், இதுக்கும் பசிக்குது” என்றாள். நான் சத்தம் போட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

4 பிப்ரவரி

அரசுத் தொடக்கப் பள்ளி வேலைக்கு அழைப்பு வந்துவிட்டது! 19ஆம் தேதி காலை பத்து மணிக்கு விழுப்புரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கட்டாயம்.

அசல் என்னிடம் ஏது? இந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்த அன்றைக்கே, இதை நடத்தும் கரஸ்பாண்டென்ட் வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டார். இங்கே எல்லா மிஸ்ஸுக்கும் அப்படித்தான். பாதி வருஷத்தில் யாரும் ஓடிவிடக் கூடாதாம். நாலு வருஷமாக என் பத்தாவது, பன்னிரண்டாவது, டிப்ளமோ எல்லாம் அந்தப் பச்சை பீரோவுக்குள் கிடக்கின்றன. தினமும் வருகைக் கையெழுத்துப் போடும்போது அதன் கைப்பிடியைப் பார்க்கிறேன்.

5 பிப்ரவரி

கேட்டேன். “பாக்கலாம் மிஸ். பதினஞ்சாம் தேதி ஓப்பன் டே நல்லபடியா முடியட்டும்” என்றார். முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் பிரான்சிஸ் கேட்டுவிட்டுக் குதித்தார். “நம்ம சர்டிபிகேட்டுக்கு நாம கெஞ்சிக்கினு இருக்கணுமா? நான் வந்து கேக்குறேன்.”

“நீங்க சும்மா இருங்க. வந்து கத்தினா அதோட போச்சு” என்றேன். அவர் கோபம் சரிதான். ஆனால் சாவி அவரிடமா இருக்கிறது?

7 பிப்ரவரி

ஆக்டிவிட்டி பாக்கெட் வந்தது. ஆளுக்கு ஒரு கறுப்பு வட்டம், ஒட்டுவதற்குக் கறுப்பு நூல் துண்டுகள். எண்ணிப் பார்த்தால் ஆறு! புத்தகத்தைத் திருப்பினேன். முப்பத்தோராம் பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஆறு கால் ஸ்பைடர். இதை எப்படி இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தேன்?

புத்தகம் தயாரித்தது கரஸ்பாண்டென்ட்டின் மனைவி. அவரிடமே போய்ப் பக்குவமாகச் சொன்னேன்.

“எறும்பு, வண்டு, ஸ்பைடர் மூணுக்கும் ஒரே பாக்கெட்தான் மிஸ். மூணும் இன்செக்ட்தானே?”

“இல்ல மேடம், எட்டுக்கால் பூச்சின்னு பேரே இருக்கே.”

“அது தமிழ்ல. நாம இங்கிலீஷ் மீடியம்.”

வகுப்புக்கு வந்து, என் பையிலிருந்த தையல் நூலில் நாற்பத்தாறு துண்டு வெட்டினேன். ஆளுக்கு இரண்டு. எல்லாச் சிலந்திக்கும் எட்டுக் கால் வந்துவிட்டது.

9 பிப்ரவரி, ஞாயிறு

மாதா கோவில் பூசையில் உட்கார்ந்திருந்தேன். மனசு மட்டும் பீரோவில்.

10 பிப்ரவரி

எட்டுக் கால் ஒட்டிய சார்ட்டுகளை மேடம் பார்த்துவிட்டார். ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

கரஸ்பாண்டென்ட் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “புக்கு எல்லார் வீட்லயும் இருக்குது. ஓப்பன் டேல புள்ளைங்க வேற சொன்னா ஸ்கூல் பேரு இன்னா ஆவும்? ஆறுன்னே சொல்லச் சொல்லுங்க. உங்களுக்குப் பத்தொம்பதாம் தேதி வேற வேலை இருக்குது, இல்ல?”

“சரி சார்” என்றேன். உடனே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

11 பிப்ரவரி

கூடுதல் நூலையெல்லாம் பிய்த்தாயிற்று. பசை காய்ந்திருந்ததால் தாளும் கொஞ்சம் கிழிந்தது.

ஓப்பன் டேயில் கைச்சிலந்தியும் உண்டு. என்ன செய்ய? சுண்டுவிரல் இரண்டையும் உள்ளே மடக்கிக்கொள்ளச் சொன்னேன். ஐந்து வயதுக் கைக்குச் சுண்டுவிரல் தனியாக மடங்குமா? மடக்கினால் பக்கத்து விரலும் கூடவே போகிறது, விட்டால் நிமிர்ந்துகொள்கிறது. இசைவாணிக்கு வரவே இல்லை.

“ஏன் மிஸ் மடக்கணும்?”

“ரெண்டு காலை ஒளிச்சி வச்சிக்கலாம், கண்ணு. எட்டுதான். நமக்குள்ளயே இருக்கட்டும்.”

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவளிடம் ஆறு என்று சொல்ல வாய் வரவில்லை.

14 பிப்ரவரி

ஓப்பன் டேக்காகச் சுத்தம் செய்தார்கள். ஜன்னல் வலை போய்விட்டது. இந்தத் தடவை நான் தடுக்கவில்லை.

15 பிப்ரவரி, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பெற்றோர் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு, “ஸ்பைடர் ஹேஸ் சிக்ஸ் லெக்ஸ்” என்று கத்தினார்கள். இசைவாணியின் சுண்டுவிரல் இரண்டும் நிமிர்ந்தே நின்றன. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கரஸ்பாண்டென்ட் மைக்கோடு குனிந்து, “ஏம்மா, உன் ஸ்பைடருக்கு மட்டும் எட்டா?” என்றார்.

“எல்லாத்துக்கும் எட்டுதான் சார். மிஸ்தான் ரெண்டை ஒளிச்சி வைக்கச் சொன்னாங்க.”

மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்படியா ஆரோக்கியசெல்வி மிஸ்?”

ஆமாம்னு சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதானே! பீரோ, பத்தொம்பது, பீரோ — வேற எதுவுமே மண்டையில ஓடல.

“நான் அப்படிச் சொல்லல சார். இசைவாணி, பொய் சொல்லக் கூடாது” என்றேன்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா அன்புச்செல்வி கூட்டத்திலிருந்து எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தார். “மிஸ்ஸு மேலயே பொய் சொல்றியா?”

அந்த அடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது.

17 பிப்ரவரி

சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பூச்சி உருண்டை வாசனை. மேலே கரஸ்பாண்டென்ட் தன் கையால் எழுதிய நடத்தைச் சான்றிதழ்: ‘நேர்மையானவர்’.

வருஷக் கடைசிவரை வகுப்பை விடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். சரி என்றேன். எல்லாவற்றுக்கும் இப்போது சரிதான்.

இசைவாணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ‘குட் மார்னிங் மிஸ்’ மட்டும் சொன்னாள்.

19 பிப்ரவரி

சரிபார்ப்பு பத்தே நிமிடத்தில் முடிந்தது. “எல்லாம் சரியா இருக்கும்மா” என்றார் அங்கிருந்த அதிகாரி அம்மா. பிரான்சிஸ் அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார். ஒன்று தின்றேன்.

30 ஏப்ரல்

கடைசி நாள். அவளிடம் பேசிவிட வேண்டும் என்று காலையிலிருந்து இருந்தேன். பேசவில்லை.

21 ஜூன், சனி

ஒலக்கூர் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. நேற்று மரத்தடியில் சிலந்தி பார்த்தோம். பிள்ளைகள் எட்டு எண்ணினார்கள், ஆறு என்று சொல்லச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இன்று திண்டிவனத்தில் இறங்கி இசைவாணி வீட்டுக்குப் போனேன். அன்புச்செல்வி மல்லாட்டை உடைத்து, வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு அவ பொய் சொல்லல. நாந்தான் சொன்னேன்” என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. “தெரியும் மிஸ். எட்டுக்கால் பூச்சிய நாங்க பாக்காததா? நீங்க இன்னா பண்ணுவீங்க, அவுங்ககிட்ட வேலை செஞ்சிக்கினு.”

தெரிந்துதான் அடித்தாரா? கேட்கத் தைரியம் வரவில்லை.

இசைவாணி கதவோரம் நின்றிருந்தாள். அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு போகிறாள். முட்டி போட்டு உட்கார்ந்தேன். “சிலந்திக்கு எட்டுக் கால்தான், கண்ணு. நீ சொன்னதுதான் சரி. மிஸ்தான் பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும் மிஸ். எண்ணினேன்ல?” என்றாள். கட்டைவிரல்களைக் கோத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எட்டும் அசைந்தன. பிறகு சுண்டுவிரல் இரண்டும் மட்டும் மெதுவாக உள்ளே போயின. பக்கத்து விரல் துளிகூட அசையவில்லை.

“இப்ப எனக்கு நல்லா மடக்க வருது, பாருங்க.”